சாவிக்கொத்து கைமாறிய கதை

அந்தக் காலத்தில் நாடகங்கள் முடிந்தன. சத்தியமாகச் சொல்கிறேன். பதின்மூன்று வாரம் ஓடும்; காதலித்தவர்கள் கல்யாணம் செய்துகொள்வார்கள், கோபித்துக்கொண்டு போன அப்பா வீடு திரும்புவார், எல்லோரும் வரிசையாக நின்று சிரிக்க அவர்கள் முகத்தின் மேலேயே பெயர்கள் ஓடும், அடுத்த வாரம் அதே கிழமை அதே நேரத்தில் வேறு யாரோ வந்து நிற்பார்கள். முடியாமல் கிடந்தது கிரிக்கெட்தான். ஐந்து நாள் ஆட்டம், போதாததற்கு நடுவில் ஓய்வு நாள் என்று ஒன்று, அத்தனைக்கும் பிறகு டிரா. இன்று விளையாட்டு ராத்திரிச் சாப்பாட்டோடு முடிந்துவிடுகிறது. நாடகமோ, தொடங்கும்போது தொட்டிலில் கிடந்த பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் பை தூக்கிப் போகும்வரை ஓடுகிறது. இரண்டும் எப்போது இடம் மாறிக்கொண்டன என்று அவ்வப்போது யோசிப்பதுண்டு. வேலையில்லாத சாயங்காலங்கள் பின்னே எதற்கு இருக்கின்றன?

எங்கள் தூத்துக்குடிக்கு டிவி வந்த விதமே வேடிக்கை. சென்னையில் 1975-லேயே நிலையம் திறந்துவிட்டார்கள் என்று செய்தித்தாளில் படித்ததோடு சரி, அந்த அலை எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியதும் அது கடலைத் தாண்டி வந்துவிட்டது. ஆகவே தலைநகரத்தில் என்ன ஓடுகிறது என்று தெரியாத நாங்கள், கொழும்பில் எந்தப் பால்மாவுக்கு விளம்பரம் வருகிறது என்பதை மனப்பாடமாக வைத்திருந்தோம். சிங்களத்தில் ஒரு சொல் தெரியாது; ஆனாலும் ஒரு சிங்கள நாடகத்தை முழுசாகப் பார்த்துவிட்டு, அதில் அந்த மாமியார் செய்தது சரியா தப்பா என்று வாசலில் நின்று அரைமணி நேரம் வழக்காடுவோம். பாஷை தெரிந்து பார்க்கிற இந்தக் காலத்தில் அவ்வளவு தீர்மானமான கருத்து எனக்கு எந்த நாடகத்தைப் பற்றியும் வந்ததில்லை.

தெருவில் முதல் பெட்டி ஓர் உப்பளக்காரர் வீட்டில். சாலிடேர். மரச்சட்டம், இரண்டு பக்கமும் இழுத்து மூடுகிற கதவு, திரைக்கு முன்னால் நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் தகடு. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அது ஏதோ நிறம் கொடுப்பதாக எல்லோரும் சேர்ந்து நம்பினோம். மொட்டை மாடியில் பனை உயரத்துக்கு இரும்புக் குழாய், உச்சியில் ஆண்டெனா. காற்றடித்தால் அது திரும்பிக்கொள்ளும். உடனே மாடியில் ஒருவர், படிக்கட்டில் ஒருவர், பெட்டி முன்னால் ஒருவர் என்று ஆள் நிறுத்தி, "தெரியுதா?", "இல்ல", "இப்ப?", "ஆங், வந்துட்டு வந்துட்டு… போச்சு!" என்று சத்தம் மேலும் கீழும் போய்வரும். குழாயைப் பிடிக்கிற உத்தியோகம் பெரும்பாலும் எனக்கு. நிகழ்ச்சியில் பாதி போய்விடும் என்றாலும் எனக்கு வருத்தமில்லை. கொழும்பையே நான்தான் கையால் இழுத்து வந்து இந்தத் தெருவுக்குக் காட்டுகிறேன் என்ற எண்ணத்தில் நெஞ்சை நிமிர்த்தி நிற்பேன்.

எண்பதுகளின் பிற்பாதியில் கொடைக்கானல் மலையில் தூர்தர்ஷன் கோபுரம் வந்தது. தென்கிழக்கே பார்த்துக்கொண்டிருந்த ஆண்டெனாக்களை எல்லாம் ஊரே சேர்ந்து வடமேற்கே திருப்பியது. அன்றிலிருந்து நாங்களும் வெள்ளிக்கிழமைகளில் 'ஒளியும் ஒலியும்' பார்க்கிற நாகரிக மனிதர்கள். 'வயலும் வாழ்வும்' பார்த்து, உப்பு விளைகிற ஊரில் இருந்துகொண்டு நெற்பயிரின் தண்டுத் துளைப்பானைப் பற்றிக் கவலைப்பட்டோம். ஆனால் எனக்கு உயிர், 'எதிரொலி'தான். நேயர்கள் எழுதும் கடிதங்களைப் படித்துப் பதில் சொல்லும் நிகழ்ச்சி. நாட்டில் என் கருத்துக்கு ஒரு மேடை இருக்கிறது என்று தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியுமா?

தபாலட்டை 15 பைசா. அதில் எழுதுவதற்கு முன் நோட்டில் ஒரு நகல் போட்டு, அடித்துத் திருத்தி, பிறகுதான் அட்டைக்கு வருவேன். "ஐயா, கடந்த வாரம் தாங்கள் ஒளிபரப்பிய நாடகம் கண்டு அகமகிழ்ந்தேன், ஆயினும்" என்று தொடங்கும். அந்த 'ஆயினும்' இல்லாத கடிதம் நான் எழுதியதே கிடையாது. கதாநாயகன் வறுமையில் வாடும் காட்சியிலும் கையில் தங்க மோதிரம் கிடப்பதைச் சுட்டிக்காட்டுவேன். கிரிக்கெட் நேர்முக ஒளிபரப்பின் நடுவே செய்தி வந்து மறித்ததைக் கண்டிப்பேன். முதல் நான்கு வரிகளைத் தாராளமாக எழுதிவிட்டு, ஐந்தாவது வரியில் இடம் குறைவது தெரிந்து எழுத்தைச் சிறிதாக்கி, கடைசியில் கண்டனத்தின் உச்சம் அட்டையின் விளிம்போடு மேலேறி, முகவரிப் பக்கத்தின் ஓரத்தில் போய் முடியும். அஞ்சல் முத்திரை அதன்மேல்தான் விழும். ஒரே ஒரு தடவை, "மேலும் கடிதம் எழுதியவர்கள்" என்ற பட்டியலில் என் பெயரும் ஊரும் வாசிக்கப்பட்டன. என் கருத்து என்னவென்று சொல்லவில்லை, பெயர் மட்டும்தான். ஆனாலும் மறுநாள் காலை டீக்கடையில் எனக்குப் பெஞ்சில் இடம் விட்டார்கள். இன்றைக்கு ஒரு நிமிஷத்தில் ஊர் உலகமெல்லாம் போய்ச் சேருகிற மாதிரி கருத்து சொல்கிறேன். எந்தக் கடையிலும் ஒருவர்கூட நகர்ந்து உட்கார்வதில்லை.

இந்த இடத்தில் என் அத்தையைச் சொல்லியாக வேண்டும். 1988 அக்டோபரில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் பி.ஆர். சோப்ராவின் 'மகாபாரத்' தொடங்கியபோது தெருவில் யாருக்கும் இந்தி தெரியாது. அத்தைக்கும் தெரியாது. ஆனால் பாரதம் தெரியும். கோயில் கொடை, பாரதம் படிப்பு என்று கேட்டுக் கேட்டு ஊறிய கதை. எனவே திரையில் ஆள் வாயைத் திறக்கும் முன்பே தமிழில் வசனம் இங்கே வந்துவிடும். "இப்பப் பாரு, சகுனி காய உருட்டுவான். தருமரு கெட்டாரு" என்பாள், உருட்டுவான், கெடுவார். உடனே சுற்றிலும் ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு, "நான்தான் சொன்னேனே" என்று பொருள். பாற்கடலைப் போன்ற அந்தப் பெரிய கதை, குருவம்ச வரலாறு, சூதாட்டம், வனவாசம், கீதை, பதினெட்டு நாள் போர் எல்லாம் சேர்த்து 94 பகுதிகளில் முடிந்தது. பிற்பாடு 2003-ல் தொடங்கிய 'கோலங்கள்' 2009 வரை போய், 1500 பகுதிகளுக்கு மேல் ஓடியது. வியாசர் அவசரப்பட்டுவிட்டார் என்றுதான் தோன்றுகிறது.

நாடகம் பதின்மூன்று வாரத்தில் முடிந்த அந்தக் காலத்தில், நீண்ட கதைக்கான பசியை எங்களுக்குத் தீர்த்தது சேப்பாக்கம் மைதானம். 1986 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவோடு டெஸ்ட். கடைசி நாள் கடைசி ஓவர், எண்ணிக்கை சமம், ஒரு ரன் எடுத்தால் வெற்றி என்ற இடத்தில் மணிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. ஆட்டம் டை. சரி, விதி என்று விட்டோம். ஓர் ஆண்டு கழித்து, 1987 அக்டோபர் 9, அதே சேப்பாக்கம், அதே ஆஸ்திரேலியா, உலகக்கோப்பையின் ஆட்டம். கடைசி ஓவர், இரண்டு பந்து பாக்கி, இரண்டு ரன் வேண்டும், கடைசி ஆள் மணிந்தர் சிங். ஸ்டீவ் வாவ் ஸ்டம்பைப் பெயர்த்தார். ஒரு ரன்னில் தோல்வி. எந்த எழுத்தாளராவது ஒரே பாத்திரத்தை ஒரே இடத்தில் இரண்டு முறை இப்படிச் சோதித்தால், நம்பும்படி இல்லை என்று நானே 'எதிரொலி'க்கு எழுதிப் போட்டிருப்பேன்.

அந்த 1987 ஆட்டத்தில் இன்னொன்று. டீன் ஜோன்ஸ் தூக்கி அடித்த ஒரு பந்துக்கு நடுவர் நான்கு கொடுத்தார். அது ஆறு என்று ஆஸ்திரேலியர்கள் சொல்ல, இன்னிங்ஸ் இடைவேளையில் கபில்தேவ் ஒப்புக்கொள்ள, 268 என்றிருந்தது 270 ஆனது. தோற்றதோ ஒரு ரன்னில்! கபில் செய்தது பெருந்தன்மையா, பிழைக்கத் தெரியாத்தனமா என்று எங்கள் டீக்கடையில் பொங்கல்வரை பேசினோம். அந்தப் பேச்சின் ருசி இன்று கிடைக்காது. இப்போது மூன்றாவது நடுவர் பெரிய திரையில் ஒரு கோடு போட்டுக் காட்டிவிடுகிறார். எல்லோரும் அதைப் பார்த்துவிட்டு அடுத்த பந்துக்குப் போய்விடுகிறோம். நியாயம் கூடியிருக்கிறது, பேச்சுதான் குறைந்துவிட்டது.

தொண்ணூறுகளில் கேபிள் வந்தது. கே. பாலசந்தரின் 'ரயில் சினேகம்', 'கையளவு மனசு' எல்லாம் பார்த்துப் பக்குவப்பட்ட எங்களை, இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய 'விடாது கருப்பு' வீட்டுக்குள் கட்டிப் போட்டது. குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டுவிட்டால் கொல்லைப்புறம் போக வேண்டியவர்கள்கூட விடியட்டும் என்று இருந்துவிடுவார்கள். ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். அந்த ஒரு வாரத்தில் கருப்பு யார் என்று தெருவில் ஆளுக்கொரு தீர்ப்பு வைத்திருப்பார்கள். அதே சமயம், 1998 ஏப்ரலில் ஷார்ஜாவில் மணற்புயல் அடித்து ஓய, சச்சின் 143 அடித்தார். இரண்டு நாள் கழித்து, தன் இருபத்தைந்தாவது பிறந்தநாளில், இறுதி ஆட்டத்தில் 134. அதுவரை நாடகத்துக்கும் விளையாட்டுக்கும் வீட்டில் சண்டை இருந்ததில்லை. 1999 டிசம்பரில் ராதிகாவின் 'சித்தி' தொடங்கியதும் இருந்தது. ராத்திரி ஆட்டமும் ராத்திரி நாடகமும் ஒரே பெட்டியில் மோதின. விளம்பர இடைவேளையில் மட்டும் கிரிக்கெட் என்று ஒப்பந்தமானது; நாடகத்தில் விளம்பரம் வருகிற அதே நொடியில் ஓவர் முடிந்து அங்கேயும் விளம்பரம்தான் வரும். நான் அந்த ஆண்டுகளில் பார்த்த கிரிக்கெட் பெரும்பாலும் சிமெண்டும் சோப்பும்.

அப்படி மல்லுக்கட்டிக்கொண்டே இரண்டும் ஒன்றையொன்று பார்த்துப் பழகிவிட்டன என்று நினைக்கிறேன். நாடகத்தில் மருமகள் கன்னத்தில் அறை விழுந்தால் அது முதலில் முன்னாலிருந்து, பிறகு பக்கவாட்டில், பிறகு மெதுவாக, சுற்றி நிற்கிற ஒன்பது பேரின் முகங்களோடும் காட்டப்பட்டது. ரன் அவுட்டுக்குக்கூட இத்தனை கோணம் கிடையாது. வாரா வாரம் டிஆர்பி பட்டியல் வந்தது. எந்தத் தொடர் முதலிடம், எது சறுக்கியது என்று புள்ளிப் பட்டியல் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். இரண்டு தொடர்களின் குடும்பங்கள் ஒரே கல்யாண மண்டபத்தில் சந்தித்தால் 'மகாசங்கமம்'. 2023-ல் ஐபிஎல்லில் ஆட்டத்தின் நடுவே ஆளை மாற்றும் 'இம்பாக்ட் பிளேயர்' விதியைக் கொண்டுவந்தபோது கிரிக்கெட் பண்டிதர்கள் பதறினார்கள். எங்கள் வீட்டில் யாரும் பதறவில்லை. 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு வரி போட்டுவிட்டுக் கணவனையே மாற்றுவதைக் காலங்காலமாகப் பார்த்தவர்கள் நாங்கள்.

ஒரே ஒரு மாற்றம்தான் அந்த வீட்டில் நின்று நிதானித்தது. 'எதிர்நீச்சல்' தொடரில் ஆதி குணசேகரனாக வந்த மாரிமுத்துவை அத்தை தினமும் ஏசுவாள். ஏசுவதற்காகவே பார்த்தாள் என்றும் சொல்லலாம். 2023 செப்டம்பரில் அவர் காலமான செய்தி வந்த அன்று, "என்ன பேச்சு பேசுனேன்யா அந்த மனுசன" என்று டிவி பக்கமே போகவில்லை. பிறகு அந்தப் பாத்திரத்தில் எழுத்தாளர் வேல. ராமமூர்த்தி வந்தார். அவரை ஏசுவதற்கு அத்தைக்கு ஒரு மாதம் ஆனது.

விளையாட்டு நாடகமானது இன்னும் பெரிய கதை. 2008-ல் ஆட்டக்காரர்களை ஏலம் விட்டார்கள். தோனியைச் சென்னை 6 கோடி ரூபாய்க்கு எடுத்தது என்ற செய்தியைக் கேட்டு, மனுஷனை ஏலம் விடுவதா என்று நான் கொதித்தேன். அத்தை, "நம்ம பக்கம் மாப்பிள்ளைக்கு விலை பேசலியா, அது மாதிரிதான்" என்றாள். அன்றே அவளுக்கு ஐபிஎல் புரிந்துவிட்டது. 2016, 2017 இரண்டு ஆண்டும் சென்னை அணி தடைபட்டுக் கிடந்ததும் அவளுக்குப் புதிதல்ல. வனவாசம். 2018-ல் திரும்பி வந்து கோப்பையை வென்றதும் அப்படியே. வனவாசம் போனால் பட்டாபிஷேகம் உண்டுதானே.

அவளை நிமிர்ந்து உட்கார வைத்தது 2022. போட்டி தொடங்கும் முன் தோனி தலைமைப் பொறுப்பை ஜடேஜாவிடம் கொடுத்தார். ஒரு மாதம் போனது, அணி தோற்றுக்கொண்டே இருந்தது, ஏப்ரல் முடிவதற்குள் ஜடேஜா அதைத் திரும்பத் தோனியிடமே கொடுத்துவிட்டார். உலகக் கிரிக்கெட் நிபுணர்கள் பந்துவீச்சு மாற்றம், களவியூகம் என்று அலசிக்கொண்டிருக்க, அத்தை ஒரே வாக்கியத்தில் முடித்தாள்: "மாமியா இடுப்புல இருந்த சாவிக்கொத்த மருமவ கையில குடுத்துட்டு, அடுப்படியிலயே நின்னா, அந்தப் பிள்ள என்ன செய்யும்?"

பிறகு 2023 இறுதி ஆட்டம். அகமதாபாத்தில் மழை, மறுநாளுக்குத் தள்ளி, மறுநாளும் மழை பெய்து, நள்ளிரவு தாண்டி ஓடுகிறது. கடைசி இரண்டு பந்தில் பத்து ரன். அடிக்க வேண்டியவர் அதே ஜடேஜா. முதலில் ஆறு, அடுத்தது நான்கு. தோனி அவரைத் தூக்கிக்கொண்டார், கண் கலங்கியது. அத்தையும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மாமியாளும் மருமவளும் ராசியாயிட்டாவ" என்றாள். எந்தத் தொடரின் கடைசிப் பகுதியும் இவ்வளவு சுத்தமாக முடிந்ததில்லை என்பது என் கருத்து. தபாலட்டை இருந்தால் எழுதியிருப்பேன், 'ஆயினும்' இல்லாமல்.

கபடியிலும் இதே கூத்துதான் நடந்தது என்றாலும் அது எனக்குக் கொஞ்சம் வலிக்கிற இடம். கோயில் கொடைக்கு மறுநாள் ராத்திரி, சுண்ணாம்புக் கோடு போட்ட செம்மண் களத்தில், நாலு டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்த ஆட்டம். பாடிப் போனவன் நடுவில் மூச்சு விட்டானா இல்லையா என்பதில் அடிதடி வரும். ஒலிபெருக்கியில் பேசுகிற உள்ளூர் வாத்தியார் இரண்டு பக்கத்துக்கும் சொந்தக்காரர் என்பதால் பட்டும் படாமலும் சொல்வார். 2014-ல் புரோ கபடி வந்து, 2017-ல் தமிழ் தலைவாஸ் அணியும் வந்தபோது ஆசையாகத்தான் உட்கார்ந்தேன். விரிப்பு, காலணி, வண்ண விளக்கு. மூச்சை அளக்க 30 விநாடிக் கடிகாரம். ஆட்டம் அன்றைக்கு இருந்ததைவிட வேகம், திறமை அதிகம், மறுக்கவே முடியாது. ஆனால் அந்தக் கடிகாரத்தோடு யாராலும் சண்டை போட முடியவில்லை.

நாடகமும் விளையாட்டும் ஒன்றாகவே கலந்துவிட்ட நிகழ்ச்சியும் வந்தது. 2021-ல் நடிகர் அர்ஜுன் தொகுத்து வழங்கிய 'சர்வைவர்' போட்டியை ஒரு வாரம் போல அத்தையோடு பார்த்தேன். நடிகர் நடிகைகளைக் கொண்டுபோய் ஆப்பிரிக்காவின் சான்சிபார் தீவில் விட்டிருந்தார்கள். ஓடினார்கள், நீந்தினார்கள், பசியில் அழுதார்கள், கட்டையைக் கடைந்து நெருப்பு உண்டாக்கப் பார்த்தார்கள். அத்தை கவலையோடு கேட்டது: "இத்தன பேரு கேமராவத் தூக்கிட்டுப் போயிருக்காவ, ஒருத்தன் கையிலயுமா தீப்பெட்டி இல்ல?"

இப்போது அத்தை அண்ணன் மகள் வீட்டில் மதுரையில் இருக்கிறாள். ஆளுக்கொரு போன் வந்துவிட்டது, எதற்கும் மோதல் இல்லை. நாடகத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்க்கிறாள் பேத்தி. அழுகிறவர்கள் கீச்சுக்குரலில் சீக்கிரமாக அழுதுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார்கள். நான் போனில் ஆட்டம் பார்க்கிறேன், பந்து வீச்சாளர் இன்னும் ஓடிவந்துகொண்டிருக்கும்போதே, கேபிளில் பார்க்கிற பக்கத்து வீட்டில் "அவுட்டு!" என்ற கூச்சல் கேட்டுவிடுகிறது. அந்தக் காலத்தில் அத்தை செய்த வேலையை இப்போது அலைவரிசை செய்கிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கருத்துகள் கொட்டுகின்றன. அத்தைக்கு எழுதத் தெரியாதது அங்கே ஒரு குறையே அல்ல. குரலைப் பதிந்து அனுப்புகிறாள். பின்னணியில் குக்கர் விசில், தெருவில் காய்காரர், நடுவில் தீர்ப்பு.

2024-ல் தோனி மறுபடியும் தலைமையை விட்டார். உடனே அத்தையிடமிருந்து போன்.

"ஏய்யா, இப்ப சாவி யாருட்ட போயிருக்கு?"

"ருதுராஜ்னு ஒரு பையன்ட்ட, அத்தே. நல்லா ஆடுவான்."

"ஆடட்டும். பெரியவரு வீட்டவிட்டுப் போயிட்டாரா, அங்கதான் இருக்காரா?"

"அங்கதான் இருக்காரு. கீப்பிங் பண்ணுதாரு."

"அப்ப சாவி திரும்பி வந்துரும்" என்று வைத்துவிட்டாள்.

2025 ஏப்ரலில் ருதுராஜுக்கு முழங்கையில் அடிபட்டு, பொறுப்பு மறுபடியும் தோனி கைக்கு வந்தது. அன்று தொலைக்காட்சியில் நாலு பேர் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து இது யாருமே எதிர்பாராத திருப்பம் என்று பேசிக்கொண்டிருக்கும்போதே, குடும்பக் குழுவில் அத்தையின் குரல் பதிவு ஒன்று வந்து விழுந்தது. இரண்டே விநாடி. திறந்து கேட்க வேண்டிய அவசியம்கூட எனக்கு இல்லை.